பிய்ந்த பட்டன்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா மகன் வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "மாமா, ரெண்டு லக் போயிடுச்சு" என்றான். சமையலறையில் இருந்த என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்னது, ரெண்டு லட்சமா? ஷேர்ல போட்டியா?"

போனது லட்சம் இல்லை. அவனுடைய தார் ஜீப்பின் இடது முன் டயரில், மண்ணைக் கடிப்பதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்க் கட்டைகளில் இரண்டு. அதற்கு ஆங்கிலத்தில் லக் என்று பெயராம். அந்தக் கட்டைகளோடு ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். எனக்கு அந்தப் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லாவரத்தில் நாங்கள் அதைப் பட்டன் என்போம். பட்டன் தேய்ந்த டயர் மொட்டை. மொட்டைக்கு மறுபடி ரப்பர் ஏற்றினால் ரீபட்டன். மனுஷன் தலைக்கு இப்போது குளிர்சாதன அறையில் செய்கிற வேலையை டயருக்கு நாங்கள் 1981-லேயே நடைபாதையில் செய்துகொண்டிருந்தோம்.

கீழே போய்ப் பார்த்தேன். அவன் டயர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முன்பல் விழுந்த குழந்தையின் வாயைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் காட்டுக்குடா போனே?"

"மேடவாக்கம் மாமா."

தார் என்பது மழை அபூர்வமாகப் பெய்கிற ஒரு பாலைவனத்தின் பெயர். இவன் குடியிருக்கும் முடிச்சூரில் அந்தப் பெயர் கொண்ட வண்டியை வாங்குகிறவர்கள் தண்ணீருக்குப் பயந்து வாங்குகிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் வந்து தெருவில் படகு விட்டார்கள்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இவனுடைய பழைய கார் ஸ்டீயரிங் வரைக்கும் குளித்தது. அடுத்த தை மாதமே தார் வாங்கிவிட்டான். "650 மில்லிமீட்டர் தண்ணில இறங்கும் மாமா" என்று அளவு சொன்னான். கம்பெனி கொடுத்த டயர் போதாதென்று, சேற்றில் போவதற்கென்றே செய்த பெரிய பட்டன் டயர் நான்கை, ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி மாட்டினான். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றன அல்லவா, அதைப் பார்த்துவிட்டு இவனும் பக்கத்தில் ஒரு பாலத்தைத் தேடி, தண்ணீரில் இறங்கும் வண்டியைப் பாதுகாப்பாக மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, ஆட்டோவில் வீடு வந்தான்.

மற்ற நாட்களில் அது முடிச்சூர் அடித்தளத்தில் புறப்பட்டு, தாம்பரம், சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் அடித்தளத்தில் போய் நிற்கும். அந்த வழியில்தான் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய இடத்தில், யார் தோண்டினார்கள் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது, கம்பி நீட்டிக்கொண்டிருந்த சிமென்ட் பலகையில் ஏறி இறங்கியிருக்கிறான். ஒரு பட்டன் பாதி, இன்னொன்று முக்கால்.

எனக்குப் பட்டன் பழக்கமான கதை வேறு. 1981-ல் நான் பத்தாம் வகுப்பில் தோற்றேன். கணக்கில் 28. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. தாம்பரத்தில் மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் டிரெயின் ஏற்றி, பல்லாவரத்தில் இறக்கி, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "வல்கனைசிங் ஒர்க்ஸ்" என்று மஞ்சள் எழுத்தில் பலகை. வாசலில் ஆள் உயரத்துக்கு லாரி டயர்கள் சாய்ந்திருந்தன. உள்ளேயிருந்து எரிந்த ரப்பர் நாற்றம் வந்தது. வாரம் 35 ரூபாய், மதியச் சாப்பாடு கடையில்.

முதலாளியை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்காரர். வீட்டைச் சுற்றி ரப்பர் மரமாக நிற்கிற ஊர். விடிவதற்கு முன் பட்டையைச் சீவிப் பால் எடுத்து, ஷீட் அடித்து, சிரட்டையில் ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்து விற்று வளர்ந்தவர். அதனால் டயரை அவர் கடையில் வாங்கிய சாமானாகப் பார்த்ததே இல்லை. ஏதோ அவர் ஊர்ப் பிள்ளை பிழைக்க வந்த இடத்தில் அடிபட்டுக் கிடப்பதுபோல் தடவிப் பார்ப்பார். "மக்கா, இது மரத்துக்க பாலு கேட்டியா. சூடும் நேரமும் சரியாக் குடுத்தா சேரும். ரெண்டுல ஒண்ணு பிசகினா, சவம், ஒரு நாளும் சேராது."

அப்படிச் சேர்க்கும் வித்தையைத்தான் 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டு, உருகாமல் தோல்போல் இறுகியதாகச் சொல்வார்கள். மனிதர் கடனிலேயே செத்துப்போனார். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி அவர் போய் 38 வருஷம் கழித்து வேறு யாரோ ஆரம்பித்தது. இதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. ஆசான் அந்தப் பெயரை டயரின் பக்கவாட்டில் பார்த்ததோடு சரி.

எங்களுக்கு வாடிக்கை குவாரி லாரிகள். திரிசூலம், பம்மல், அனகாபுத்தூர் என்று சுற்றிலும் கல் உடைத்துக்கொண்டிருந்த காலம். சென்னையில் எழும்பிய கட்டடங்களுக்கெல்லாம் ஜல்லி இந்தக் குன்றுகளின் வயிற்றிலிருந்துதான் போனது. குழிக்குள் இறங்கும் பாதையில் பாதை என்று எதுவும் கிடையாது. வெடி வைத்துச் சிதறிய கல்லின் மேல், கத்தி விளிம்பின் மேல், பத்து டன் பாரத்தோடு லாரி ஏறும். டயர் ஒரு சுற்று வழுக்கிச் சுழன்றால் போதும்; பட்டனைக் கல் வெண்ணெய் வழிப்பதுபோல் வழித்துவிடும். பின்பக்க ஜோடி டயருக்கு நடுவே கல் வேறு போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கொக்கிக் கம்பியால் நெம்பி எடுப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் உத்தியோகம்.

கல்லும் லேசுப்பட்ட கல் இல்லை. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். காரணம், கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் கிடக்கும் பலகை இந்தப் பக்கத்துக் கல். பரங்கிமலையில் இதே பாறையை இப்போது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று அறிவித்துக் காப்பாற்றுகிறார்கள். 1863 மே 30-ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்து, இந்தியாவிலும் பழைய கற்காலம் இருந்தது என்று முதன்முதலாகக் காட்டியதும் பல்லாவரத்துச் சரளைக் குழியில்தான். அந்தக் கோடாரி வேறு ஜாதிக் கல், குவார்ட்சைட். ஆனால் எங்கள் கடைக்கு வந்த டயர்களைப் பார்த்திருந்தால், கற்காலம் முடிந்துவிட்டது என்று அவர் அவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டார்.

பட்டன் வைக்கும் வேலையைச் சொல்கிறேன். இன்றைக்கு எனக்குத் தெரிந்து அதை முழுசாகச் சொல்ல ஆள் குறைவு, தெரிந்தவர்களுக்கும் கேட்க ஆள் இல்லை.

பிய்ந்த இடத்தில் தொங்கும் ரப்பரை முதலில் சீவ வேண்டும். கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். நேராக வெட்டக் கூடாது. வாழைப்பழத்தைச் சரிவாக நறுக்குவதுபோல் ஓரத்தைச் சாய்த்து வெட்டினால்தான் புது ரப்பர் பிடிக்கும். பிறகு அரம் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பாக அழகாக இருந்தால் ஒட்டாது. தேய்த்த தூளை ஊதக் கூடாது, துணியால் துடைக்கக் கூடாது. வாயில் ஈரம், துணியில் எண்ணெய். காய்ந்த பிரஷ்தான். அப்புறம் சொலுஷன் ஒரு பூச்சு, காயவைத்து இன்னொரு பூச்சு. விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இதற்கே அரை நாள் ஆகும்.

அடுத்தது ரா ரப்பர். கறுப்பு அல்வாத் துண்டுபோல் இருக்கும். சின்னச் சின்னக் கீற்றாக வெட்டி, குழிக்குள் காற்று நிற்காதபடி உருளையால் அழுத்தி அழுத்தி நிரப்ப வேண்டும். பக்கத்துப் பட்டனின் அளவுக்குத் தகரத்தை மடக்கி ஒரு பெட்டி செய்து, உட்புறம் மாக்கல் தூள் தடவி மேலே கவிழ்ப்போம். அதன் மேல் பழைய லாரி இன்ஜினிலிருந்து கழற்றிய பிஸ்டன், தலைகீழாக. அதைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, பிஸ்டனின் குழிக்குள் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால், எங்கள் வல்கனைசிங் எந்திரம் தயார். வெப்பமானி கிடையாது. ஆசான் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சத்தம் கேட்பார். "சுர்" என்றால் பதம். "சர்" என்றால் கூடிப்போச்சு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட எட்டு மாதம் ஆனது.

நேரத்துக்குக் கடிகாரமும் கிடையாது. இலங்கை வானொலிதான். காலையில் பொங்கும் பூம்புனல் ஆரம்பித்ததும் தீ வைத்தால், லாரிப் பட்டன் ஒன்றுக்குப் பதினைந்து பாட்டு. நடுவில் விளம்பரம் அதிகமாக வந்தால் ஒரு பாட்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். அறிவிப்பாளர் அப்துல் ஹமீது பேச ஆரம்பித்தால் கணக்கு தவறிவிடும். அவர் பேச்சை ஒரு பாட்டாக எடுத்துக்கொள்வதா, இரண்டா என்று எனக்கும் ஆசானுக்கும் எப்போதும் தகராறு. ஒருநாள் நல்ல மெட்டு ஒன்றில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து கிளாம்பைக் கழற்றினால், பட்டன் இறுகியிருக்க வேண்டிய இடத்தில் புளி கரைத்ததுபோல் பிசுபிசுவென்று ஒன்று. மரத்து ரப்பருக்கு அப்படி ஒரு குணம்: பதத்துக்கு மேல் வெந்தால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஆசான் அதைக் கட்டைவிரலால் தொட்டு, நீட்டிப் பார்த்து, "மக்கா, மறுபடி பாலாக்கிட்டியே டே! குலசேகரத்துக்கு அனுப்பி மரத்துல ஏத்திருவமா?" என்றார்.

வெந்ததா இல்லையா என்று பார்க்க அவருக்கு ஒரே பரீட்சை, கட்டைவிரல் நகம். அழுத்தினால் தடம் விழுந்து தங்கக் கூடாது. விழுந்த தடம் உடனே எழ வேண்டும். அவருடைய வலது கட்டைவிரல் நகம் ஆமை ஓடுபோல் கறுத்துத் தடித்திருக்கும்.

இதுவரை படித்தவர்கள், ஆஹா, அந்தக் காலத்தில் தொழில் என்றால் தொழில் என்று ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். கல்யாண வீடுகளில், டிரெயினில், பேரனிடம். ஆனால் மேடவாக்கத்துச் சிமென்ட் பலகை புண்ணியத்தில், டயர் முன்னால் மறுபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது, விட்டுப்போன பாகமும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நாங்கள் வைத்த பட்டனில் பாதிக்கு மேல் குவாரிக்குப் போனால் ஒரு மாதம் தாங்காது. ஆசானுக்கும் தெரியும், லாரி முதலாளிக்கும் தெரியும். கூட்டம் எப்போது வரும் என்றால், எஃப்.சி.க்கு முதல் நாள். வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்தும் அந்தக் கால் மணி நேரத்துக்குப் பட்டன் இருக்க வேண்டும். ஆய்வாளர் கண்ணுக்குப் பட்டன், லாரி முதலாளிக்குச் சான்றிதழ், எங்களுக்குக் கூலி. எல்லோருக்கும் நல்லது. மொத்தமாக மொட்டையாகிவிட்ட டயர் என்றால் இன்னும் சுலபம். வளைந்த பிளேடைப் பழுக்கக் காய்ச்சி, இருக்கிற ரப்பரையே குடைந்து வரி வரியாகப் பள்ளம் வெட்டிவிடலாம். மேலே ஏற்ற வேண்டியதைக் கீழே இறக்குவது. தூரத்திலிருந்து பார்த்தால் புது டயர். கிட்டே போனால், அடியில் இருக்கும் நைலான் நூலுக்கும் ரோட்டுக்கும் நடுவே அப்பளக் கனம்.

கடைசியாக ஒரு வேலை உண்டு. அது என்னுடையது. புதிதாக வைத்த பட்டன் பளபளவென்று தனியாகத் தெரியும். பழைய பட்டன்கள் வெளிறியிருக்கும். காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கறுப்புப் பூட்ஸ் பாலிஷை எடுத்து டயர் முழுக்கத் தேய்த்து, பழையதையும் புதியதையும் ஒரே குடும்பமாக்கிவிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருநாளும் பூட்ஸ் போட்டுப் போனதில்லை. பாலிஷ் போடுவதில் மட்டும் கை தேர்ந்துவிட்டேன்.

ஆசானை யோக்கியர் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்கு ஒரு கோடு இருந்தது. வெட்டு நூல் வரைக்கும் இறங்கியிருந்தால் தொட மாட்டார். முதல் வேலையாக ஊசியை விட்டுப் பார்ப்பார். நூல் தட்டுப்பட்டால், "சவத்துக்குப் பொட்டு வைக்கதுக்கு நான் ஆளில்ல" என்று டயரை உருட்டி வெளியே விட்டுவிடுவார். உள்ளே கேட்டர் என்ற ஒட்டு வைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினாலும் முன் சக்கரத்துக்கு என்றால் கிடையாது. அந்த டயர் நாலு கடை தள்ளிப் போய், அங்கே பொட்டு வைத்துக்கொண்டு, சாயங்காலம் எங்கள் கடை வாசல் வழியாகவே பாரம் ஏற்றிக்கொண்டு போகும். ஆசான் தலையைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு தடவை காற்றடிக்கும்போது லாக் ரிங் தெறித்து, எங்கள் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. அந்த ஓட்டை வழியாக அதற்கப்புறம் மழை வந்தது.

1988-ல் நான் தாம்பரத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பராகப் போய்விட்டேன். அங்கேதான் முடி நரைத்து ஓய்வு பெற்றேன். குவாரிகள் ஒன்றொன்றாக மூடின. லாரிக்கு ரேடியல் வந்தது, காருக்கு டியூப் போனது. ஆசான் ஊருக்குத் திரும்பி, மரங்களுக்கு நடுவிலேயே போய்ச் சேர்ந்தார். கடை இருந்த இடத்தில் ஜி.எஸ்.டி. ரோடு அகலமாகிவிட்டது. 2004-ல் மீட்டர் கேஜும் போயிற்று. டயரைத் தின்ற குழிகளில் மழைத் தண்ணீர் நின்று குளமாயிற்று. 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். எங்கள் லாரிகள் அன்றைக்கு ஏறி இறங்கிய பள்ளமும் அப்படி யார் வீட்டுச் சொம்புக்காவது போயிருக்கலாம்.

அக்கா மகன் என்னிடம் வருவதற்கு முன் மூன்று கடை ஏறியிருக்கிறான். முதல் கடையில் கண்ணாடிக் கதவு, சோபா, காப்பி. டயரை யாரும் தொடவில்லை; கணினியில் அதன் நம்பரைத் தட்டிப் பார்த்து, ஜோடியாக மாற்றுவதுதான் முறை என்றார்கள். இரண்டாவது கடையில் நான்கையும் மாற்றச் சொன்னார்கள். மூன்றாவது கடைக்காரர் கொஞ்சம் நியாயஸ்தர். "சார், சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தாப் போதும். உங்களுக்கு அதுக்கு மேல எவ்வளவோ இருக்கு. ரெண்டு பட்டன் போனா வண்டிக்கு ஒன்னும் ஆகாது. போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். இவனுக்கு அதுதான் தாங்கவில்லை. "ஒன்னும் ஆகாதுன்னு எப்படி மாமா சொல்றார்? இது ஆஃப்-ரோடு டயர்!" வீட்டுக்கு வந்து ஏதோ காணொளியைப் பார்த்து, செருப்பு ஒட்டும் பசை ஒன்றை வாங்கி, பிய்ந்த துண்டைத் தேடிப்பிடித்து ஒட்டியிருக்கிறான். சேலையூரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேம்ப் ரோடு வேகத்தடையில் இறங்கிக்கொண்டுவிட்டது. டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் அமுங்கி எழுகிற சாமான்; செருப்புக்கு ஒட்டுகிற பசை அதற்குத் தாங்குமா?

"விடுடா, வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்றேன். சொல்லும்போதே என் கட்டைவிரல் பரபரத்தது உண்மை.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. பழைய டிரங்க் ரோட்டில் செடி, கோழிக்குஞ்சு, உடைந்த மிக்ஸி, ஒற்றைக் கால் ஷூ, யாரோ எழுதிய டைரி எல்லாம் கிடைக்கும். ஒரு கிளாம்ப் தேடிப் போனேன். பழைய இரும்புக் கடை ஒன்றில் ஒரு லாரி பிஸ்டன் உட்கார்ந்திருந்தது. யாரோ தேய்த்து மெருகேற்றி, உள்ளே பல்பு மாட்டி, அடியில் தேக்குப் பலகை வைத்திருந்தார்கள்.

"என்னப்பா இது?"

"ஆன்டிக் சார். மேசை விளக்கு. ஆயிரத்தி எண்ணூறு."

என் ஒரு வருஷச் சம்பளம். கையில் தூக்கிப் பார்த்தேன். உள்சுவரில் கரி படிந்த அடையாளம் தேய்க்கத் தேய்க்கப் போகாமல் இருந்தது. இன்ஜினில் எரிந்த கரியா, எங்களைப்போல் எவனோ கொளுத்திய கரியா, தெரியவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

கடைசியில் இரும்புலியூரில் ஒரு பஞ்சர் கடை. பீகாரிலிருந்து வந்த தம்பி நடத்துகிறான். என் அக்கா மகனைவிட நல்ல தமிழ் பேசுகிறான். மின்சாரத்தில் சுடுகிற கிளாம்ப், வெப்பத்துக்குத் திருகு, நேரத்துக்கு மணி எல்லாம் வைத்திருந்தான். ரா ரப்பரும் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் டயரைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், அக்கா மகனைப் பார்த்தான்.

"அண்ணா, ரெண்டு பட்டன்தான? இதுக்கு ஏன்?"

"ஷோவுக்குத் தம்பி" என்றேன்.

"ஓ, ஷோ!" என்று தலையாட்டினான். புரிந்துவிட்டது. எஃப்.சி.க்கு முதல் நாள் ஆசானும் இப்படித்தான் தலையாட்டுவார்.

டயரைக் கழற்றிக் கீழே போட்டு, பழக்கதோஷத்தில் ஊசி கேட்டு வாங்கினேன். பிய்ந்த பட்டன் இரண்டிலும் விட்டுப் பார்த்தேன். நல்ல ரப்பர், கனமாகவே மீதி இருந்தது. அவன் இரண்டு வாரம் தூக்கம் கெட்ட இடத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு சும்மா டயரைச் சுற்றிக்கொண்டே வந்தேன். எதிர்ப்பக்கத்தில், இரண்டு பட்டனுக்கு நடுவே பள்ளத்தில், நகம் நீளத்துக்கு ஒரு கீறல். அழுக்கு அடைத்து மூடியிருந்தது. ஊசி உள்ளே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஊசியை எடுத்தால் முனையில் செம்பழுப்பாகத் துரு.

எங்கள் காலத்தில் நைலான் நூல். இந்த டயரில் பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை. அது வரைக்கும் வெட்டு இறங்கித் தண்ணீர் போய்விட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு பக்கவாட்டில் பரவும். ரப்பரும் கம்பியும் ஒன்றையொன்று விட்டுவிடும். அது என்றைக்கு விடும் என்றால், நல்ல வெயிலில், நல்ல வேகத்தில், திண்டிவனம் தாண்டி.

"இந்த டயர்ல ஓட்டாதேடா. போச்சு" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். "எங்க மாமா? ஒன்னுமே தெரியலையே?"

"தெரியாதுடா. அதான்."

"அப்ப இந்த ரெண்டு லக்?"

"அது நல்லாத்தான் இருக்கு. அதுக்கு ஒன்னும் இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தான். பீகார் தம்பியும் நானும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "சரி மாமா, புதுசு ஒன்னு வாங்கிடறேன். இதை ஸ்டெப்னியாப் பின்னாடி மாட்டிடலாம். ஆனா பின்னாடி வர்றவன் கண்ணுக்கு நேரா இருக்குமே... அந்த லக்கை மட்டும் வெச்சிருங்களேன், ப்ளீஸ்."

தார் வண்டிக்கு ஸ்டெப்னி பின்கதவின் வெளிப்புறம், ஊரே பார்க்கிற மாதிரித் தொங்கும். ஓட்ட லாயக்கில்லாத டயருக்கு அதைவிடக் கௌரவமான பதவி கிடையாது. "சவத்துக்குப் பொட்டு" என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். சத்தியம் வாங்கிக்கொண்டேன்: நடுரோட்டில் பஞ்சர் ஆனாலும் இதை மாட்டக் கூடாது, எனக்குப் போன் செய்ய வேண்டும். வால்வு பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் 'ஓட்டாதே' என்றும் எழுதி வைத்தேன். எழுத்து உள்பக்கம் இருக்க வேண்டும் என்று அவன் கேட்டுக்கொண்டான்.

பிறகு வேலையில் இறங்கினேன். சாய்த்துச் சீவினேன், அரம் போட்டேன், ஊதாமல் பிரஷ்ஷால் தட்டினேன். கை மறக்கவில்லை, முட்டிதான் மறந்திருந்தது, இரண்டு தடவை தம்பி தூக்கிவிட்டான். அச்சுக்குத் தகரம் இல்லாமல் டால்டா டப்பா தேடினால், அந்தத் தம்பி டால்டா டப்பாவையே பார்த்ததில்லை. பெயின்ட் டப்பாவை வெட்டினோம். கிளாம்பை முடுக்கி, 145 டிகிரியில் வைத்து, மணியைத் திருகினான். அவன் போனில் போஜ்புரிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்தாவது பாட்டில் மணி அடித்தது. அந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றும் நம் பாட்டைவிட நீளம், அதனால் கணக்கு சரிதான்.

கூலி எவ்வளவு என்று அக்கா மகன் கேட்டான். தம்பி தயங்கி முந்நூறு என்றான். இவன் ஐந்நூறு கொடுத்துவிட்டு, வண்டியின் பின்னால் நின்று பட்டனைப் படம் எடுத்துக்கொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். இந்தத் தடவை லட்சம் எதுவும் போகவில்லை. அவன் அடுக்ககத்தில் இன்னும் மூன்று பேருக்கு லக் பிய்ந்திருக்கிறதாம்; மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறான். பதில் சொல்லாமல் கீழே இறங்கிப் போய், பின்கதவு டயரில் நான் வைத்த பட்டனைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். தடம் விழுந்தது, எழுந்தது. நன்றாகத்தான் வெந்திருக்கிறது. ஆனால் வெயில் பட்டு மற்றதெல்லாம் வெளிறிவிட்டதால், அது மட்டும் கறுகறுவென்று தனியாகத் தெரிந்தது.

"என்ன மாமா, எதாவது பிரச்சினையா?"

"ஒன்னுமில்லடா. உன் பையன் ஸ்கூல் ஷூவுக்குப் பாலிஷ் வாங்கி வெச்சிருக்கியா?"